வௌவாலை விரட்டுமுன் ஒரு மாலை காத்திருங்கள்

கொய்யாவும் சப்போட்டாவும் பழுக்கத் தொடங்கிவிட்டால், நம் விவசாயப் பெருமக்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி "வௌவாலுக்கு என்ன மருந்து?" என்பதுதான். மருந்து இல்லை, தேவையும் இல்லை என்பது என் கருத்து.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. விரிவாக்கப் பணியில் சேர்ந்த புதிதில், பழனியை அடுத்த ஆயக்குடிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்பில் நைலான் வலை கட்டச் சொன்னவன் நானே. மறுநாள் காலையில் வலையில் ஏழெட்டு வௌவால்கள் செத்துக் கிடந்தன. அவற்றோடு, எலி பிடிக்கும் கூகை ஒன்றும் சிறகு முறிந்து தொங்கியது. தோப்புக்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு நான் எவருக்கும் வலையைச் சிபாரிசு செய்ததில்லை. முதலில் ஒரு மாலை அந்தப் பிராணியைப் பார்த்து வாருங்கள் என்றே சொல்லி வருகிறேன்.

தோப்புகளுக்கு அதிகம் வருவது குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். ஆலமரத்தில் கூட்டங்கூட்டமாகத் தொங்கும் பெரிய வௌவால் வேறு. தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிப்பதும் வேறு. இதன் எடை ஏறக்குறைய 50 கிராம். காதோரம் வெள்ளைக் கரையிட்டது போல் இருக்கும். வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது இதன் விஷயத்தில் முற்றிலும் தவறு. கண்ணாலும் மூக்காலுமே இது பழத்தைத் தேடுகிறது.

பகலில் இதைக் காணப் பனந்தோப்புக்குச் செல்லுங்கள். காவோலை கழிக்காத பனையில், தொங்கும் ஓலைகளுக்கு அடியில் சில சேர்ந்து தங்கியிருக்கும். பள்ளி, மருத்துவமனை வளாகங்களில் நிற்கும் நெட்டிலிங்க மரமும் இதற்குப் பிடித்த இடம். ஆண் வௌவால் தழையையும் சிறு கிளைகளையும் கடித்து ஒரு கூடாரம் அமைத்து, அதில் சில பெண் வௌவால்களோடு குடியிருக்கும். வெறுமனே அண்ணாந்து பார்த்தால் கண்ணில் படாது. தரையில் எச்சம் சிதறிக் கிடக்கும் இடத்தைக் கண்டு, அதற்கு நேர் மேலே பாருங்கள்.

இரை தேடப் புறப்படுவது விளக்கு வைத்த பிறகு. நிலவு வெளிச்சம் மிகுந்தால் நடமாட்டம் குறைந்துவிடும். ஆகையால் தேய்பிறை நாட்களின் முன்னிரவே பார்க்க ஏற்றது. டார்ச்சு விளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம். பழத்தைக் கவ்வியதும் அதே மரத்தில் உட்கார்ந்து தின்னாது. வேறொரு மரத்திற்குக் கொண்டுபோய், சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். காலையில் அம்மரத்தடியில் கிடக்கும் சக்கையைப் பார்த்தால் எவ்வளவு தின்றது என்பது தெரிந்துவிடும்.

தை, மாசியில் போடிப் பக்கம் இலவந்தோப்பு வைத்திருப்போர் அவசியம் ஓர் இரவு அங்கே நிற்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் விரியும் இலவம் பூவில் தேன் குடிக்க இதுவும் பெரிய பழந்தின்னியும் வருகின்றன. முகத்திலும் மார்பிலும் ஒட்டிய மகரந்தத்தோடு அடுத்த மரத்திற்குப் பறக்கின்றன. பங்குனி, சித்திரையில் இலுப்பையிலும் இதே காட்சிதான். ஒரு தோப்பில் பழம் தின்பதுதான் இன்னொரு தோப்பில் பஞ்சுக்காய்க்கு வழி செய்கிறது.

இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தைக்குப் போகும் மாவும் சப்போட்டாவும் முற்றிய காயாகவே பறிக்கப்படுகின்றன. வௌவால் நாடுவது மரத்தில் பழுத்ததையே. பறிப்பைத் தள்ளிப்போடாமல், கொய்யாவுக்கு உறை கட்டினால் பெரும்பகுதி தப்பும். சட்டமும் மாறிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் பரவியது நினைவிருக்கும். பழந்தின்னி வௌவால்களில் அக்கிருமி இருக்கக்கூடும் என்பதால், கடித்த பழத்தைத் தின்ன வேண்டாம். பதநீர்க் கலயத்தை மூடி வையுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடக் கூடாது. எட்ட நின்று பார்ப்பதில் கெடுதல் இல்லை.

காவோலை கழிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வௌவால் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சிலும், மறுபடி ஜூன், ஜூலையிலும் ஒற்றைக் குட்டி ஈனுகிறது. அம்மாதங்களில் மரம் ஏறுமுன் அடியில் எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அந்தப் பனையை மட்டும் இரண்டு மாதம் விட்டுவையுங்கள்.