ஜப்பானில் நம் மாணவர்க்கு ஜாகை

2033-ஆம் வருஷத்துக்குள் நான்கு லக்ஷம் அந்நிய தேசத்து மாணாக்கரைத் தமது கலாசாலைகளில் சேர்ப்பதென்று ஜப்பானிய சர்க்கார் 2023-ல் தீர்மானித்தனர். இஃது அவர்களுக்குப் புதிய யோசனையன்று. நாகஸோனே பிரதம மந்திரியாயிருந்த 1983-ல் ஒரு லக்ஷம் என்றனர். 2003-ல் அது நிறைவேறிற்று. 2008-ல் மூன்று லக்ஷம் என்றனர். 2019-ல் அதையும் கடந்தனர். 2024 மே மாதக் கணக்குப்படி அங்கே கல்வி கற்ற அந்நியர் 3,36,708 பேர். அவர்களுள் சீனர் 1,23,000-க்கு மேல். நேபாளியர் ஏறக்குறைய 65,000. இவற்றை நோக்க இந்தியர் தொகை மிகச் சிறிது. ஆயினும் 2025 ஆகஸ்டில் இரு தேசத்துப் பிரதம மந்திரிகளும் கூடி, ஐந்து வருஷங்களில் ஐந்து லக்ஷம் பேர் இங்கிருந்தங்கும் அங்கிருந்திங்கும் போய்வருவதென்று திட்டம் வகுத்திருக்கின்றனராதலின், நம் வீட்டுப் பிள்ளைகள் இனி அதிகமாய் அங்குச் செல்வர் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

செல்லட்டும், நாமும் அதை விரும்புகிறோம். ஆனால் இத்தனை பேரையும் வருந்தியழைக்கிறவர்கள், வந்தவர் இரவில் எங்கே படுப்பர் என்னும் கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்? இதனை ஆராய்ந்து பார்க்குங்கால் நமக்குத் திருப்தி உண்டாகவில்லை.

நம்மவர் பெரும்பாலும் கல்லூரிச் சம்பளத்தையே கணக்கிடுகின்றனர். ஜப்பானிலுள்ள தேசிய சர்வகலாசாலைகளில் வருஷச் சம்பளம் 5,35,800 யென் என்பது 2005 முதல் நிலவிவரும் அளவு. டோக்கியோ சர்வகலாசாலை 2025-ல் புதிதாய்ச் சேர்வோர்க்கு அதனை 6,42,960 யென்னாக உயர்த்திற்று. ஒரு யென் நமது அரை ரூபாய்க்குச் சற்றே மேல். இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் நினைக்க இது மலிவென்றே சொல்ல வேண்டும். இந்த மலிவைக் கண்டு மகிழ்ந்து புறப்படும் மாணாக்கன், வீடு பார்க்கத் தொடங்கும்போதுதான் கையைப் பிசைகிறான்.

டோக்கியோவின் வெளிப்புறத்தில் மாதம் 50,000 யென் வாடகைக்கு ஓர் அறை அகப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அறையைப் பாய்க் கணக்கில் அளப்பது அந்நாட்டு வழக்கம்; ஆறு பாய் அறை யென்றால் நம் கணக்கில் நூறு சதுர அடிக்குச் சிறிதே மேல். இதற்கு முதல் மாத வாடகை 50,000. ‘ஷிகிகின்’ என்னும் முன்பணம் ஒரு மாதம், 50,000. ‘ரெய்கின்’ என்று வேறொரு மாத வாடகை. இஃது வீட்டுக்காரருக்கு நன்றியறிதலாகக் கொடுப்பதாம், திரும்பி வராது. வீடு கிடைக்குமுன்பே பணத்தால் நன்றி கூறும் வழக்கத்தை நாம் வேறெங்கும் அதிகமாய்க் கேள்விப்பட்டதில்லை. தரகருக்கு ஒரு மாத வாடகையும் அதன்மேல் நூற்றுக்குப் பத்து வரியும். ஜாமீன் கம்பெனிக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை. நெருப்பு இன்ஷ்யூரன்ஸும் பூட்டு மாற்றும் செலவும் சேர்ந்தால், குடியேறும் தினத்தில் எண்ணி வைக்க வேண்டியது இரண்டரை லக்ஷம் யென்னுக்குக் குறையாது. நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை லக்ஷம் ரூபாய். இவ்வளவும் கொடுத்து உள்ளே நுழைந்தால் அறை பெரும்பாலும் வெறுமையாயிருக்கும். அடுப்பும், ஜன்னல் திரையும், சில இடங்களில் விளக்குங்கூடக் குடியிருப்பவனே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுபடியும் ஒரு மாத வாடகை கேட்பது டோக்கியோ முதலிய இடங்களில் சகஜம். இது சட்டத்துக்கு விரோதமென்று குடிக்கூலிக்காரர் தொடுத்த வழக்கில், தொகை அளவு மீறாதவரையில் செல்லும் என்று ஜப்பானிய உச்ச நியாயஸ்தலம் 2011 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது. ரெய்கின் வாங்காத வீடுகளும் இப்பொழுது பல உண்டென்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

பணத்தினும் பெரிய தடை ஒன்றுண்டு. அதுதான் ஜாமீன். ஜப்பானில் வீடு எடுப்போன் தனக்காகப் பொறுப்பேற்கும் கூட்டு ஜாமீன்தார் ஒருவரைக் காட்ட வேண்டும். வாடகை நின்றால், குடியிருப்பவனைக் கேளாமலே நேரே ஜாமீன்தாரின் கழுத்தைப் பிடிக்கலாம். நமது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவை யறிந்த வக்கீல் நண்பர்களுக்கு இது விளக்க வேண்டுவதில்லை. நேற்று விமானத்திலிருந்து இறங்கிய பையனுக்காக இப்படிக் கழுத்தை நீட்டுபவர் யார்? அவனுக்கு அங்கே மாமன் உண்டா, மைத்துனன் உண்டா?

வீட்டுக்காரர் இவ்வளவு கண்டிப்பாயிருப்பதற்குக் காரணம் அவர்களுடைய கல்நெஞ்சம் என்று நாம் சொல்ல மாட்டோம். காரணம் சட்டத்திலும் இருக்கிறது. யுத்த காலத்தில், 1941-ல் திருத்தப்பட்ட வீட்டு வாடகைச் சட்டம், தக்க முகாந்தரமின்றி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கலாகாதென்று வீட்டுக்காரரைத் தடுத்தது. 1992-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அக்கொள்கை நிலைத்து நிற்கிறது. ஒருமுறை உள்ளே விட்டவனை எளிதில் வெளியேற்ற முடியாதாதலால், வாசற்படியிலேயே எல்லாச் சோதனையும் நடக்கிறது. ஏழைக் குடித்தனக்காரனைக் காக்க எழுந்த வேலியே, வெளியிலிருந்து வரும் ஏழையை உள்ளே விடாத வேலியாகவும் ஆகியிருக்கிறது. 2000 முதல் குறித்த காலத்தோடு தானாகவே முடிந்துபோகும் ஒப்பந்தமும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் பழைய பயம் தீரவில்லை.

பயத்தோடு நிறவேற்றுமையும் கலந்திருப்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஜப்பானிய நீதி இலாகாவே அந்நியரிடையே ஒரு விசாரணை நடத்தி 2017-ல் வெளியிட்டது. முந்திய ஐந்து வருஷங்களில் வீடு தேடியவர்களுள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில், அந்நியர் என்ற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டனர். ஏறக்குறைய அதே அளவினர் ஜப்பானிய ஜாமீன்தார் இல்லாமையால் மறுக்கப்பட்டனர். நூற்றுக்கு இருபத்தாறு பேருக்கு மேல், ‘அந்நியருக்கு இல்லை’ என்ற குறிப்பைக் கண்டு தாமே விலகிக்கொண்டனர். இதைப் படித்து வெகுளும் அன்பர்கள், சென்னையிலும் கோவையிலும் வீடு கேட்டு வருவோனிடம் நாம் முதலில் எதை விசாரிக்கிறோம் என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்வார்களாக. ஜாதியும் சாப்பாடும் கேட்டுவிட்டுத்தானே சாவியை எடுக்கிறோம்?

நிற்க. மாணவர் விடுதிகளின் கதியைப் பார்ப்போம். கியோத்தோ சர்வகலாசாலையின் யோஷிதா விடுதி 1913-ல் எழுந்த மரக் கட்டிடம். மாணாக்கரே நிர்வகிப்பது. தண்ணீர், மின்சாரம் உட்பட மாதம் 2,500 யென் அளவே செலவு. அந்நியருக்கும் பெண்களுக்கும் இடமுண்டு. பூகம்பத்தில் இடியக்கூடுமென்று கூறி, எல்லாரும் வெளியேறும்படி 2017 டிசம்பரில் சர்வகலாசாலையார் உத்தரவிட்டனர். 2019-ல் தங்கள் மாணாக்கர் மீதே வழக்குத் தொடுத்தனர். 2024 பிப்ரவரியில் ஜில்லா நியாயஸ்தலம் பெரும்பாலும் மாணாக்கர் பக்கமே தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் அப்பீலில் ராஜி ஏற்பட்டு, கட்டிடத்தைப் பலப்படுத்தும் பொருட்டு அதனைக் காலி செய்ய மாணாக்கர் இசைந்தனர். பூகம்பப் பயம் பொய்யன்று. அந்நாட்டில் அது தினசரி உண்மை. ஆனால் பழையதை மூடும் வேகம், அதே வாடகையில் புதியதைக் கட்டுவதில் காணப்படவில்லை. டோக்கியோ சர்வகலாசாலையின் கொமாபா விடுதியிலும் எஞ்சியிருந்தவர்கள் 2001-ல் பலவந்தமாய் வெளியேற்றப்பட்டனர்.

இதைவிட நமக்கு வியப்பளிப்பது சர்க்காரின் காரியம். அந்நிய மாணாக்கருக்கென்றே பொதுப் பணத்தில் பல ஊர்களில் விடுதிகள் இருந்தன. மூன்று லக்ஷம் பேரை யழைப்போமென்று 2008-ல் பறைசாற்றியவர்கள், 2010-ல் நடந்த செலவுச் சோதனையில், இவ்விடுதிகளை நடத்துவது சர்க்காரின் வேலையன்று என்று முடிவு கட்டினர். பின்னர் அவற்றுட் பல சர்வகலாசாலைகளுக்கும் பிறர்க்கும் விற்கப்பட்டன. கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் அழைத்துவிட்டுப் பந்தலைப் பிரித்து விற்பவரை நாம் என்னென்பது!

வேறு வழி இருப்பதை அந்நாட்டார் சிலரே காட்டியிருக்கின்றனர். பெப்பு நகரில் 2000-ல் திறக்கப்பட்ட ரித்ஸுமேகான் ஆசிய பசிபிக் சர்வகலாசாலையில், அந்நிய மாணாக்கன் முதல் வருஷம் வளாகத்து விடுதியிலேயே தங்க ஏற்பாடுண்டு. ஒரு வருஷத்தில் பாஷையும் ஊரும் பழகியபின் வெளியே வீடு தேடுகிறான். டோக்கியோவில் ஹோஸுமி கோயிச்சி என்னும் பெரியவர் முயற்சியால் 1960-ல் எழுந்த ஆசியக் கலாசார மண்டபத்தில், ஆசிய நாட்டு மாணாக்கரும் ஜப்பானியரும் ஒருங்கு வசித்தனர். அதற்கும் முன்னே, 1930-களில், ஸ்ரீ ராஷ் பிஹாரி போஸ் அந்நகரில் ஆசிய மாணாக்கர்க்கென்று ஒரு விடுதி வைத்து நடத்தினார். தலைமறைவாய் வந்த அவரை 1915-ல் ஷிஞ்ஜுக்குவிலிருந்த நாகமுராயா ரொட்டிக் கடையில் ஸோமா தம்பதிகள் ஒளித்து வைத்துக் காத்திராவிட்டால், அவர் கதி என்னவாயிருக்கும்? தங்க இடமின்மை இன்னதென்று அவர் புத்தகத்தில் படித்தறிந்தவரல்லர்.

ஆகவே, ஜப்பானிய சர்வகலாசாலைகளை நாம் கேட்பது இது: நீங்கள் சேர்த்துக்கொண்ட மாணாக்கனுக்கு நீங்களே ஜாமீன் நில்லுங்கள். இதற்கு வழி புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. மாணாக்கன் வருஷத்துக்குச் சில ஆயிரம் யென் செலுத்தி இன்ஷ்யூரன்ஸில் சேர, அவனது கலாசாலையே ஜாமீன்தாராய்க் கையெழுத்திடும் ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. சில கலாசாலைகள் தாராளமாய்ச் செய்கின்றன, மற்றவை தயங்குகின்றன. தயக்கத்துக்கு இடமில்லாமல் இதை எல்லாருக்கும் பொதுவாக்க வேண்டும். அவனுடைய பரீக்ஷைத் தாள்களையும் பாங்கிக் கணக்கையும் சோதித்து யோக்கியனென்று தேர்ந்தெடுத்த கலாசாலையே அவனை நம்பாவிடில், தெருக்கோடி வீட்டுக்காரர் எப்படி நம்புவார்? நமது சர்க்காரும், ஐந்து லக்ஷம் பேரைப் பற்றிப் பேசும் திட்டத்தில் இதற்கென ஒரு ஷரத்தைச் சேர்க்கும்படி வற்புறுத்தல் வேண்டும்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. பாஷைப் பள்ளிகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் சிலர், ‘பையன் அங்கே வேலை செய்தே எல்லாச் செலவையும் கட்டிவிடுவான்’ என்று தேனொழுகப் பேசுவர். மாணாக்கன் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரமே வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளைக்கு எட்டு மணி நேரம். டோக்கியோவில் 2025 அக்டோபரில் நிர்ணயித்த குறைந்த கூலி மணிக்கு 1,226 யென். நான்கு வாரத்துக்குக் கணக்கிட்டால் 1,37,000 யென்னுக்குச் சிறிது மேல். வாடகை, சாப்பாடு, ரயில், வைத்திய இன்ஷ்யூரன்ஸ் போகப் பாஷைப் பள்ளிக்கு வருஷத்துக்கு ஏழெட்டு லக்ஷம் யென் எங்கிருந்து வரும்? மணிக் கணக்கை மீறுவோன் வசிக்கும் அனுமதியையே இழக்க நேரும். அவ்வாறு மீறச் செய்பவை பெரும்பாலும் வாடகையும் கடனுமே.

எனவே சம்பளம் கட்டுமுன் கலாசாலைக்கு எழுதிக் கேளுங்கள்: விடுதியில் இடமுண்டா, எத்தனை மாதத்துக்கு? இல்லையேல் ஜாமீன் நிற்பீர்களா? சர்க்கார் சார்பான யு.ஆர். குடியிருப்புகளில் ரெய்கினும் தரகும் ஜாமீனும் கிடையா. குறித்த அளவு வருமானமோ சேமிப்போ காட்டினால் போதும். நகருக்கு வெகு தூரமென்று அவற்றை இகழ வேண்டாம். குடியேறும் தினத்தன்றே சுவர், தரை, ஜன்னல் யாவற்றையும் போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளல் நன்று. வழக்கமான தேய்மானத்துக்கு முன்பணத்தில் கழிக்கலாகாதென்று 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் தெளிவாய்ச் சொல்லுகிறது. டோக்கியோவையே பிடிவாதமாய் நாடாமல் ஸெண்டாய், புக்குவோக்கா, ஸப்போரோ முதலிய ஊர்களிலுள்ள சர்வகலாசாலைகளையும் விசாரியுங்கள். அங்கெல்லாம் வாடகை குறைவு. அந்நாட்டில் வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஜப்பான் முழுதும் வீடு மாறும் காலம். நல்ல அறைகள் பறந்துவிடும். விடுதிக்கு மனுச் செய்யும் கெடுவோ பல இடங்களில் அதற்கும் முன்னதாகவே முடிந்துவிடும். ஏப்ரலில் சேர எண்ணுவோர் முந்திய இலையுதிர் காலத்திலேயே கடிதத்தை அனுப்பிவிட வேண்டும்.