எழுத்தைத் திருப்பித் தராத மென்பொருள் எதற்கு?

அரியலூரில் மூன்று கணினிகளோடு ஒளியச்சு நிறுவனம் ஒன்றைத் தொடங்கவிருக்கும் நண்பர், எந்த வடிவமைப்பு மென்பொருளை நம்பி இறங்கலாம் என்று நண்பர் கூட்டத்தில் கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம். அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. பேஜ்மேக்கரின் வேகம் எதற்கும் வராது என்றார் ஒருவர். திருமண அழைப்பிதழும் பதாகையும்தான் சோறு போடும், ஆகவே கோரல்டிரா என்றார் இன்னொருவர். நூலின் அழகுக்கு இன்டிசைனே என்றது ஒரு கட்சி. காசு கேட்காத ஸ்கிரைபஸ் இருக்க மற்றவை எதற்கு என்றது மற்றொன்று. வேகம், வருமானம், அழகு, விலை ஆகிய இந்த நான்கு அளவுகோல்களையும் நாங்கள் புறக்கணிக்கவில்லை. ஆனால் நான்கும் இரண்டாம்பட்சமானவை. முதற்கேள்வி வேறு: இன்று உள்ளே போகும் தமிழ், இருபது ஆண்டுகள் கழித்துத் தமிழாகவே வெளியே வருமா?

இது கற்பனைக் கவலை அன்று. 2006-இல் இவ்வட்டாரத்து எழுத்தாளர்கள் சிலரின் சிறுகதைகளைத் தொகுத்து ஐநூறு பிரதிகள் அச்சிட்டோம். 2023-இல் மறுபதிப்புக்கு முனைந்தபோது, ஒளியச்சு செய்தவர் குறுந்தகட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பழைய கணினி ஒன்றில் கோப்பு திறந்தது; தமிழ் திறக்கவில்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பை. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. குறியாக்க மாற்றிகள் அனைத்தையும் முயன்றோம், ஒன்றும் பொருந்தவில்லை. தொகுப்பில் இருந்த ஒருவர் இதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியும் கிடைக்கவில்லை. முழு நூலையும் மறுபடி தட்டச்சு செய்து, மறுபடி மெய்ப்புப் பார்த்தோம். அந்த நண்பர் எழுதிய சில வட்டாரச் சொற்களில் எது அவர் எழுதியது, எது 2006-இன் அச்சுப்பிழை என்று தீர்மானிக்க இன்று எங்களுக்கு வழியில்லை. ஒளியச்சு செய்தவரை நாங்கள் குறை கூறமாட்டோம். எங்களில் ஒருவர்கூட அன்று அவரிடம் எழுத்துக்கோப்பைத் தனியே கேட்கவில்லை.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் எளியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று அடித்தால், கணினிக்குள் போய்ச் சேர்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றின்மீது தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. போர்வை தொலைந்தால் மொழியும் தொலைந்தது. நிறுவனத்துக்கு ஒரு போர்வை, பதிப்பகத்துக்கு ஒரு போர்வை என்று இருந்த காலத்தில், திஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தைத் தமிழர் பலர் கூடிப் பேசி உருவாக்கினர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. ஒருங்குறியிலோ தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் பெயர் தெரியாத போர்வைக்குள் நூல்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்றால், அதற்குப் பெயர் அறியாமை அன்று, அலட்சியம்.

எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் தொடக்க ஆண்டுகளின் மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டது. பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை பொதுவில் இருந்ததே அதற்குக் காரணம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழம்பாடல்கள் பிழைத்தன. பணம் கொடுத்து ஒளியச்சு செய்த எங்கள் கதைகள் பிழைக்கவில்லை.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுத்தின் உருவத்தைப் பற்றி அலட்சியமாக இருப்பதற்கு நாம் வெட்கப்படவேண்டும். ஏலாக்குறிச்சி இங்கேதான் இருக்கிறது. அடைக்கல மாதா ஆலயத்தோடு சேர்த்து நினைக்கப்படும் வீரமாமுனிவர், குறில் எகர ஒகரங்களும் நெடில் ஏகார ஓகாரங்களும் ஓலையில் ஒன்றுபோலத் தோன்றிக் குழப்பியதைக் கண்டு, நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் என்று போற்றப்படுகிறார். 'கொ' என்பதை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குக் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். ஒருங்குறியோ நாவின் வரிசையைப் பின்பற்றுகிறது: ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். அதைக் கண்ணின் வரிசைக்கு மாற்றிக் காட்டுவது மென்பொருளின் கடமை. அந்தக் கடமையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் நூலுக்கான மென்பொருளைத் தேர்வு செய்ய இந்த ஒற்றை எழுத்தே போதுமான உரைகல்.

உரைகல்லில் நால்வரையும் தேய்த்துப் பார்ப்போம்.

பேஜ்மேக்கர் 1985-இல் பிறந்தது. அதன் ஏழாம் பதிப்பு 2001-இல் வந்தது. 2004-இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. ஒருங்குறித் தமிழ் அதற்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அதில் அடிக்கும் ஒவ்வொரு பக்கமும் பழைய போர்வைக்குள்தான் போகும். இன்றைக்கு ஒரு புதிய நிறுவனம் அதைக்கொண்டு தொடங்குவது, பிணத்துக்கு ஞானஸ்நானம் செய்விப்பது.

கோரல்டிரா வரைவதற்கானது. அழைப்பிதழுக்கும் பதாகைக்கும் அது பொருத்தமே. நண்பரின் வாடகையை அதுவே கட்டும். ஆனால் முந்நூறு பக்க நாவலை அதில் கோப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துரு சிக்கல் வராமலிருக்க, எழுத்து அனைத்தையும் வளைகோடுகளாக மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது பிரதி அன்று, படம். படத்தில் ஒற்றுப்பிழை திருத்த முடியாது.

இன்டிசைன் வலிமையானது, அதை மறுப்பதற்கில்லை. இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு அதன் 2012 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. ஆனால் 'வேர்ல்ட் ரெடி' என்ற பத்தியமைப்பைத் தெரிவு செய்தாக வேண்டும். தவறினால் கொம்பு தவறும். இது தெரியாமல் 'இன்டிசைனில் ஒருங்குறி உடைகிறது' என்று சொல்லிப் பழைய எழுத்துருவுக்குத் திரும்பியவர்கள் பலர். 2013 முதல் அடோபி சந்தா முறைக்குப் போய்விட்டது. சந்தா நின்றால் கதவும் சாத்தப்படும். ஆகவே இதைத் தேர்பவர், முடிந்த ஒவ்வொரு நூலையும் ஐ.டி.எம்.எல். வடிவிலும் சேமித்து வைக்கவேண்டும்.

ஸ்கிரைபஸ் கட்டற்ற மென்பொருள். நெடுங்காலம் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாமல் இருந்தது. 2017-இன் சோதனைப் பதிப்பில் அக்குறை நீங்கி, 2024 தொடக்கத்தில் வந்த 1.6 என்ற நிலைத்த பதிப்பில் அத்திறன் உறுதிப்பட்டது. நான்கு வண்ண அச்சுக்குரிய கோப்புகளைத் தரும். அதன் சொந்தக் கோப்பே வெறும் எழுத்துக்கோப்பு. எந்த எளிய எழுதியிலும் திறந்து படிக்கலாம். குறையும் உண்டு: அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வுநூலுக்குச் சிரமம் தரும், பழகிய ஆள் உள்ளூரில் கிடைப்பது அரிது. ஆயினும் கவிதை, சிறுகதை, சிற்றிதழ் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

எதிர்வாதங்கள் வரும். 'இருபது ஆண்டுகள் பாமினி விசைப்பலகையில் பழகிய விரல்களை என்ன செய்வது?' ஒன்றும் செய்யவேண்டாம். அதே விசைகளை அடித்தால் ஒருங்குறியில் எழுதித் தரும் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகள் இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. தட்டச்சு செய்பவரின் பிழைப்பைக் காட்டி மாற்றத்தை மறுப்பவர்கள், அவரிடம் ஒருமுறையேனும் இதைச் சொல்லியிருக்கிறார்களா? 'திருட்டுப் பிரதி இலவசமாகக் கிடைக்கிறதே' என்பது அடுத்த வாதம். தம் நாவலின் திருட்டு மின்னூல் சுற்றுக்கு வந்தால் கொதித்தெழும் எழுத்தாளர்கள், அந்த நாவலே திருட்டு மென்பொருளில் கோக்கப்பட்டது என்பதைக் கேட்டு உறுத்தலின்றி நகர்ந்து போவதை நாங்கள் பார்த்துவிட்டோம். உரிமை என்பது ஒருவழிப் பாதை அன்று.

'பி.டி.எப். இருக்கிறதே, பிறகென்ன?' என்பது மூன்றாவது. பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எப்.-இல் இருந்து நகலெடுத்தால் அதே குப்பைதான் வரும். ஒருங்குறியில் செய்ததிலும் நகலெடுக்கும்போது கொம்புகள் இடம் மாறுவதுண்டு. பி.டி.எப். என்பது பக்கத்தின் நிழல்; பிரதி அன்று.

ஆகவே நண்பருக்கு எங்கள் யோசனை இது. மூலப்பிரதியை லிப்ரே ஆபிசில் ஒருங்குறியில் அடித்து, மெய்ப்பு முழுவதையும் அங்கேயே முடியுங்கள். இலக்கிய நூல்களை ஸ்கிரைபஸில் கோருங்கள். ஆய்வுநூல் வேலை தொடர்ந்து வந்தால் மட்டும் ஓர் இன்டிசைன் சந்தா. அழைப்பிதழுக்கும் பதாகைக்கும் மட்டும் முறைப்படி வாங்கிய ஒரு கோரல்டிரா. பேஜ்மேக்கர், பழைய கோப்புகளைத் திறந்து மீட்பதற்காக ஒரு மூலையில் இருக்கட்டும். எதை வாங்குமுன்னும் 'கொ', 'கௌ', 'க்ஷ', 'ஸ்ரீ' நான்கையும் அடித்துப் பாருங்கள். பிறகு எழுத்தை வெளியே எடுத்து வேறொரு கணினியில் ஒட்டிப் பாருங்கள். கோக்கும்போது செய்த திருத்தங்களும் சேர்ந்த இறுதி எழுத்துக்கோப்பு இல்லாமல் எந்த நூலையும் வாசலைத் தாண்டவிடாதீர்கள்.

நண்பருக்குச் சொன்னது அவ்வளவே. எங்கள் கோபம் உண்மையில் அவர்மீது அன்று, நம்மீது. அட்டைப்படத்துக்காக ஓவியரோடு ஒரு மாதம் வாதாடுகிறோம். நம் சொற்கள் எந்த வடிவில் சேமிக்கப்படுகின்றன என்று ஒரு நிமிடம் கேட்பதில்லை. 'அதெல்லாம் டிடிபிக்காரர் விவகாரம்' என்கிறோம். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறை, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல் உயிர்களின் ஓடுகளை வரி பிசகாமல் வைத்திருக்கிறது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். நம் கதைகள் பதினேழு ஆண்டுகள் தாங்கவில்லை. இதைப் படிக்கும் எழுத்தாளர்களும் சிற்றிதழ் ஆசிரியர்களும் இன்றே தம் பதிப்பாளரிடம் இறுதி எழுத்துக்கோப்பைக் கேட்டு வாங்கட்டும். தர இயலாது என்று பதில் வருமானால், அந்த நூல் ஏற்கெனவே பாதி தொலைந்துவிட்டது என்று பொருள்.