கை சுத்தமா, மச்சான்?

நாமக்கல்லில் லாரிக்கு ஆயில் மாற்றும் மெக்கானிக்கூட மூடியைத் திறந்தால் தூசு விழாமல் பார்த்துக்கொள்வார். சிறுநீரகம் பழுதான என் நண்பனுக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ். திரவம் குழாய் வழியாக ஏறி, கழிவோடு இறங்கும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். கிருமியைத் தர ஆள் வேண்டாம். நம்ம விரலே போதும்!

"கை சுத்தமாத்தான் இருக்கு மச்சான்" என்பான். தோலில் சும்மா கிடக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கண்ணுக்கா தெரியும்? சோப்புப் போட்டுக் கழுவாமல் குழாயை இணைத்தால் அது உள்ளே குடித்தனம் வைத்துவிடும். குழாய் வாயில் புண், மலச்சிக்கல் இருந்தாலும் ஆபத்துதான். பை மாற்றும்போது கதவைச் சாத்து, ஃபேனை நிறுத்து, பூனையை விரட்டு.

இறங்கும் திரவம் கலங்கலா? அந்தப் பையோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றால் குழாய் போகும்; உயிரும் போகலாம் சார்!