இயக்கியைத் தேடும் முன் எண்ணைப் பாருங்கள்

மாணவர்களே, அறிவியல் விழாவுக்காக மலிவு விலை ஆர்டுயினோ பலகை ஒன்றை வாங்கிக் கணினியில் செருகுகிறீர்கள். கணினிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. உடனே இணையத்தில் தேடி, முதலில் வரும் ‘இலவச டிரைவர்’ கோப்பைப் பதிவிறக்குகிறீர்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

டிரைவர் எனப்படும் இயக்கி சாதாரண செயலியன்று. பல இயக்கிகள் இயங்குதளத்தின் உட்கருவிலேயே வேலை செய்பவை. முன்பின் தெரியாத தளத்திலிருந்து எடுத்து நிறுவுவது, வழிப்போக்கரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

விசைப்பலகை, சுட்டி, பென்டிரைவ் ஆகியவற்றுக்குப் பொது இயக்கிகள் விண்டோஸிலேயே உள்ளன. மற்றவற்றுக்கு ‘விண்டோஸ் அப்டேட்’ கைகொடுக்கலாம். இல்லையென்றால் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் கணினியிடம் சொல்லும். ‘டிவைஸ் மேனேஜரில்’ மஞ்சள் குறியுள்ள கருவியின் ‘புராப்பர்ட்டிஸ்’ திறந்து, ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1ஏ86, 7523 என்றிருந்தால், அது மலிவுப் பலகைகளில் வழக்கமாக வரும் சிஎச்340 சில்லு. அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தளத்திலேயே இயக்கி கிடைக்கும்.

சில நிமிடங்கள் கூடுதலாகும். ஆனால் கணினி பிழைக்கும். கருவியே தன் அடையாளத்தைச் சொல்லும்போது, அதைக் கேட்காமல் ஊரெல்லாம் தேடுவானேன்?