கொல்லைக்குப் போகும் கம்பி

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட நாள். நெய்வேலியில் மின்சாரம் தயாரிக்கிற அதே மாவட்டத்தில் கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோகக் கூடாதா என்று அப்போது எல்லோரும் கேட்டோம். நியாயமான கேள்வி. பிறகு உலக வங்கிக் கடனில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக்குப் புதைவடத் திட்டமும் வந்தது.

சரி, அரசாங்கத்தைக் கேட்ட நீங்கள், உங்கள் வீட்டுக் கொல்லையை ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்.

சிதம்பரத்தில் ஒரு நண்பர் வீடு. தேரோடும் வீதிக்குப் பக்கத்தில், நீளமான பழைய வீடு. கூடத்தில் புதுசாக கிரானைட். கொல்லைக் கோடியில் தனியாகக் குளியலறை, கழிப்பறை, மோட்டார் ரூம். அங்கே கரண்ட் எப்படிப் போகிறது தெரியுமா? சமையல்கட்டு சுவிட்ச் போர்டிலிருந்து கிளம்பும் சாதா ஒயர், முருங்கை மரத்தை ஒரு சுற்று சுற்றி, துணி காயப்போடும் கொடிக்கம்பி மேலேயே படுத்துக்கொண்டு போகிறது. நடுவில் டேப் சுற்றிய இரண்டு ஜாயின்ட். "பதினைஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையே சார்!"

வெயிலில் ஒயரின் தோல் வெடிக்கும். காற்றில் கம்பியோடு உரசும். அப்புறம் ஒரு மழை போதும், கொடிக்கம்பியில் கரண்ட் ஏறிவிடும். ஈரத்துணியோடு அதைத் தொடப் போவது யார்? வீட்டுக்காரரா? அவர் மனைவி, அல்லது பாத்திரம் தேய்க்க வரும் அம்மா. மழைக்காலம் வந்தால் பேப்பரின் மூலையில் இந்தச் செய்தி வருகிறதே, படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோமே!

எம்.சி.பி. ட்ரிப் ஆகிவிடும் என்பார்கள். ஆகாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழிக்கும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுக்கிற ஆர்.சி.சி.பி. வேண்டும்.

கூடவே ஆர்மர்டு கேபிள். முக்கால் மீட்டர் ஆழப் பள்ளம், கீழே மணல், கேபிள், மறுபடி மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல். நாளைக்கு வாழை வைக்கத் தோண்டுகிறவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் முட்டட்டும். மண்ணுக்குள் ஜாயின்ட் கூடாது. கேபிளின் இரும்புக் கவசத்துக்கு எர்த் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் செய்யட்டும். சாதா ஒயரை பைப்பில் நுழைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அதைப் புதைவடம் என்று சொல்லாதீர்கள்.

செலவாகுமே என்று இழுத்தார் நண்பர். கிரானைட்டுக்கு எவ்வளவு ஆச்சு என்றேன். பேச்சை மாற்றி, "ஆருத்ரா தரிசனம் முடியட்டும், பண்ணிடலாம்" என்றார். ஐப்பசி மழை அதுவரை காத்திருக்குமா?

காபி கொண்டுவந்த அவர் மனைவி சொன்னார்: "நான் அந்தக் கொடியில துணி போடறதை விட்டு மூணு மாசமாச்சு. தொட்டா சுர்ருங்குது. இவர்கிட்ட சொன்னா சிரிக்கிறார்."