வரவேற்பறையைப் பார்த்து ஏமாறாதீங்க!

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்களா? தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால், பளபளக்கும் வரவேற்பறையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிடாதீங்க. அப்படிக் கட்டிய ஒருவர், மூன்றே மாதத்தில் தாயை என்னிடம் தூக்கி வந்தார். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்! ‘மாசாமாசம் போய்ப் பார்த்தேனே டாக்டர்’ என்று அழுதார். முகத்தைப் பார்த்திருக்கிறார், முதுகைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போங்க. ஊட்டிவிட ஆள் இருக்கிறதா? கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? கழிப்பறையில் கைப்பிடி உண்டா? ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? பதிவுச் சான்றையும் கேளுங்க. குறை கண்டால் முதியோர் உதவி எண் 14567-ல் சொல்லுங்க.

அதிகாரி எப்போதாவது வருவார். அடிக்கடி வர வேண்டிய இன்ஸ்பெக்டர் நீங்கதான்!