184 கிலோமீட்டர்

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்



திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 2025 மார்ச் 30 அன்று விமானம் பறக்கத் தொடங்கியது. டீக்கடையில் யாரோ படிக்கக் கேட்டுவிட்டு வந்த என் தந்தை, "யாழ்ப்பாணம் இங்கிருந்து எவ்வளவு தூரமப்பா?" என்றார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர் அவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறிய நான் விடை சொல்ல வேண்டுமல்லவா?

அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு கணக்கிட்டேன். விமான நிலையங்களுக்கிடையே நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கும் போட்டுப் பார்த்தேன். அதுவும் ஏறத்தாழ 184! சென்னையோ 290-ஐத் தாண்டுகிறது. "அப்போ மெட்ராசைவிடக் கிட்டத்தானே!" என்று வியந்தார் தந்தை.

ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் செல்லும். வகுத்தால் 22 நிமிடம். ஆனால் அட்டவணையில் கண்டதோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். பயணம் குறுகக் குறுக இவற்றின் பங்கே பெரிதாகும். பாஸ்போர்ட், சுங்கச் சோதனைகளுக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பதையும் கூட்டினால் அரைநாள் ஆகிவிடும்.

ஆனால் தூரம் என்பது இவ்வளவுதானா?

1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னை வந்தது. பின்னர் போர் வந்து வழியை அடைத்தது. 2019-இல் சென்னை விமானம் மீண்டும் வந்தது. 2020-இல் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் கடல் ஒரு சாண்கூட அகலவில்லை!

என் நண்பன் ஒருவன் திருச்சி விமான நிலையத்தை அடுத்த கொட்டப்பட்டு முகாமில் பிறந்தவன். 1990-இல் சிறுமியாகப் படகேறி வந்தவர் அவன் தாய். பலாலிக்கு அருகில் வாழும் அம்மம்மாவை அவன் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறான். பெற்றோர் இருவரும் இலங்கையர். ஆதலால் இங்கே பிறந்தும் அவன் இந்தியக் குடிமகன் அல்லன். அனுமதி பெற்று ஊருக்குப் போய்விட்டால், திரும்பி வந்து பட்டம் பெற முடியுமா என்ற அச்சம் அவனுக்கு. அம்மம்மாவா, பட்டமா என்று ஒரு மாணவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா?

இதைச் சொன்னதும், "அப்போ அந்தப் பையனுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் தந்தை. என் கணக்கு அங்கே நின்றுவிட்டது.

நாட்டின் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்கு விசாரிக்கட்டும், நாள் குறிக்கட்டும். ஆனால் முகாமிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் உறவினரைக் கண்டு, அச்சமின்றித் திரும்பிவர ஓர் அனுமதிச்சீட்டு வேண்டும். விமானம் விட்டால் மட்டும் போதாது. போய்வரும் உரிமையும் சேர்ந்தால்தான் 184 கிலோமீட்டர் எல்லோருக்கும் 184 கிலோமீட்டராகும்.